பிளீச்சிங் பவுடரா, ஹைப்போ கரைசலா? மழைக்குப் பின் கிணற்றையும் தொட்டியையும் தூய்மைப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று மேற்கிலிருந்து வரும் ஆறுகள் கடலில் கலக்கும் முன் கடைசியாகக் கடக்கும் நிலம் என்பதால், கடலூரை வடிகால் மாவட்டம் என்று சொல்வது வழக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தபோதும், 2015 நவம்பர் மழையின்போதும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையின் நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டபோதும், உறைக்கிணறுகளிலும் தரைமட்டத் தொட்டிகளிலும் தெருத் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் வடிந்த மறுநாள் கடைகளில் விற்றுத் தீரும் பொருட்கள் இரண்டு: ஒன்று பிளீச்சிங் பவுடர், மற்றது ஹைப்போ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். எதை வாங்குவது, எவ்வளவு போடுவது என்ற கேள்விகளுக்கு, விலையையோ மூட்டையின் அளவையோ பார்க்காமல், அந்தப் பொருளில் இன்றைய தேதியில் செயல்படக்கூடிய குளோரின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைக் கொண்டு விடை காண்பதே இந்த வழிகாட்டியின் முறை.

இரண்டு சேர்மங்களும் ஒன்றாகும் இடம்

நீற்றிய சுண்ணாம்பின் மீது குளோரின் வாயுவைச் செலுத்தினால் கிடைப்பது பிளீச்சிங் பவுடர். ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் டென்னன்ட் 1799இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதே குளோரினைச் சுண்ணாம்புக்குப் பதிலாகக் காஸ்டிக் சோடா கரைசலுக்குள் செலுத்தினால் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் சாதாரண உப்பும் தண்ணீரும் உண்டாகின்றன. உப்புக் கரைசலை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடாவையும் குளோரினையும் எடுக்கும் ஆலை புதுச்சேரியின் காலாப்பட்டிலேயே இருக்கிறது. இத்தகைய ஆலைகளில் மூலப்பொருட்கள் இரண்டும் அருகருகே கிடைப்பதால், ஹைப்போ கரைசலும் அங்கேயே உருவாகிவிடுகிறது.

பள்ளிப் பாடநூல்கள் பிளீச்சிங் பவுடருக்கு ஒரே ஒரு வாய்பாட்டைத் தருகின்றன. உண்மையில் அது கால்சியம் ஹைப்போகுளோரைட், கால்சியம் குளோரைடு, வினைபுரியாமல் மிஞ்சிய சுண்ணாம்பு ஆகியவை ஈரத்தோடு சேர்ந்த கலவை. பாடநூல் வாய்பாட்டின்படி கணக்கிட்டால் அதில் 56 சதவீதம் செயல்படும் குளோரின் இருக்க வேண்டும். ஆலையிலிருந்து புதிதாக வரும் தூளிலோ ஏறக்குறைய 32 முதல் 35 சதவீதம்தான் இருக்கிறது. வித்தியாசம் முழுவதும் சுண்ணாம்பும் ஈரமும் பிடித்துக்கொண்ட இடம். அந்தச் சுண்ணாம்பே பின்னால் தொட்டியின் அடியில் வெள்ளைக் கசடாக வந்து உட்காரும். இதிலிருந்து வேறுபட்டது, குருணையாகவும் வில்லையாகவும் விற்கப்படும் உயர்செறிவுக் கால்சியம் ஹைப்போகுளோரைட். அதில் 65 முதல் 70 சதவீதம் வரை குளோரின் உண்டு, கசடு மிகக் குறைவு.

தூளாக வந்தாலும் திரவமாக வந்தாலும், தண்ணீரில் கரைந்த பின் கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற ஒரே பொருள்தான். அது ஹைப்போகுளோரைட் அயனியோடு சமநிலையில் இருக்கும், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பு 7.5 என்ற அளவில் இரண்டும் பாதிக்குப் பாதி இருக்கும், அதற்கு மேலே போகப் போக அமிலம் குறைந்து அயனி கூடும். அயனியைவிட அமிலம் பல பத்து மடங்கு வீரியமாகக் கிருமியைக் கொல்லும் என்பதால், காரத்தன்மை மிகுந்த நீரில் அதே அளவு குளோரினுக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு சேர்மங்களுமே காரத்தன்மை உடையவைதான்; குடிநீருக்கு இடும் சிறிய அளவில் அதனால் பெரிய மாற்றம் வருவதில்லை. ஆகவே கொல்லும் திறனில் எது சிறந்தது என்ற விவாதத்திற்கே இடமில்லை. வேறுபாடெல்லாம் செறிவு, கெடும் வேகம், கசடு, கையாளும் உழைப்பு ஆகிய நான்கில்தான்.

கடலோரக் கிணற்று நீரில் ஏற்கனவே உப்பு இருக்கிறதே, அதுவும் குளோரின்தானே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. உப்பில் உள்ளது குளோரைடு; அது எலக்ட்ரானைப் பெற்று அடங்கிவிட்ட நிலை, கிருமியை ஒன்றும் செய்யாது. ஹைப்போகுளோரைட்டில் உள்ள குளோரின் இன்னும் இரண்டு எலக்ட்ரான்களைப் பறிக்கக் காத்திருப்பது. அதனால்தான் தூய சோடியம் ஹைப்போகுளோரைட்டில் எடையில் 47.6 சதவீதமே குளோரின் இருந்தாலும், அதன் செயல்திறன் குளோரின் வாயுவோடு ஒப்பிட்டு 95.2 சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது. தூய கால்சியம் ஹைப்போகுளோரைட்டுக்கு அது 99.2 சதவீதம். பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் சதவீதம் இந்தக் கணக்கின்படியானது.

படி 1: கையில் உள்ள பொருளின் செறிவை அறிதல்

கடைகளில் கிடைக்கும் ஹைப்போ கரைசல் இரண்டு வகை. தொழிலுக்கும் நீரேற்று நிலையங்களுக்கும் கேன்களில் போவது 10 முதல் 12 சதவீதம்; வீட்டுக்கென்று புட்டிகளில் வருவது பெரும்பாலும் 4 முதல் 6 சதவீதம். நறுமணமோ சோப்போ சேர்த்த தரைத் துடைப்புத் திரவங்களைக் குடிநீரில் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

அச்சிட்ட சதவீதம் தயாரித்த நாளுக்கு உரியது. ஹைப்போ கரைசல் வெப்பத்தாலும் வெளிச்சத்தாலும் இரும்பு, செம்பு, நிக்கல் போன்ற உலோகத் துகள்களாலும் சிதைகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் சிதையும் வேகம் மூன்று நான்கு மடங்காகிறது. செறிவு கூடிய கரைசல் இன்னும் வேகமாகக் கெடும். எனவே அக்னி நட்சத்திர வெயிலில் தகரக் கொட்டகையில் கிடந்த 12 சதவீதக் கேன், ஐப்பசி மழைக்குள் பாதி வீரியத்தையோ அதற்கு மேலோ இழந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதே அறிவுடைமை. மேலும், சிதையும்போது குளோரேட் என்ற விரும்பத்தகாத பொருள் அதில் சேர்கிறது. பழைய கரைசலை அளவு கூட்டி ஊற்றிச் சமாளிப்பதைக் குடிநீர் விஷயத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிளீச்சிங் பவுடருக்குப் பகை ஈரம். மூடி வைத்த பையில் அது மெதுவாகவே வீரியம் இழக்கும். வாய் பிரித்து வைத்த பையோ கடலோரக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கட்டிதட்டி, சில வாரங்களிலேயே வெறும் சுண்ணாம்பை நோக்கிப் போய்விடும். உலர்ந்து உதிரியாக, மூக்கை உறுத்தும் நெடியோடு இருந்தால் 30 சதவீதம் என்றும், லேசாகக் கட்டிதட்டியிருந்தால் 25 சதவீதம் என்றும் வைத்துக் கணக்கிடலாம். களிபோல் ஆகி நெடியும் இல்லை என்றால் சாக்கடையோரம் தூவக்கூட அது தகுதியற்றது.

பள்ளி அல்லது கல்லூரி ஆய்வகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஊகம் தேவையில்லை. 10 மி.லி. ஹைப்போ கரைசலை 500 மி.லி.யாக நீர்க்கச் செய்து, அதில் 25 மி.லி. எடுத்து, பொட்டாசியம் அயோடைடும் அசிட்டிக் அமிலமும் சேர்த்தால் அயோடின் வெளிப்பட்டுப் பழுப்பு நிறம் வரும். அதை 0.1 நார்மல் சோடியம் தயோசல்பேட்டால் தரம்பார்த்து, நிறம் வெளிறும் தறுவாயில் ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும் வரை செலவான மி.லி.யை 0.709 ஆல் பெருக்கினால் சதவீதம் கிடைக்கும், 14.1 மி.லி. செலவானால் 10 சதவீதம். தூளுக்கு, 5 கிராமைச் சிறிது நீர்விட்டு நன்கு அரைத்து 500 மி.லி. ஆக்கி, தெளியவிடாமல் குலுக்கிய நிலையிலேயே 25 மி.லி. எடுத்து இதே சோதனையைச் செய்து 1.418 ஆல் பெருக்க வேண்டும். தெளிந்த நீரை மட்டும் எடுத்தால் விடை குறைவாக வரும்.

விலையை ஒப்பிடுவதும் இந்த எண்ணைக் கொண்டுதான். 30 சதவீதத் தூள் 1 கிலோவில் குளோரின் 300 கிராம். 10 சதவீத ஹைப்போ 5 லிட்டர் கேனில் 500 கிராம். 5 சதவீதப் புட்டி 1 லிட்டரில் வெறும் 50 கிராம். கொடுத்த விலையை இந்தக் கிராம்களால் வகுத்துப் பார்த்தால், மலிவாகத் தெரிந்த சிறிய புட்டி எவ்வளவு விலை கூடியது என்பது விளங்கும்.

படி 2: நீரின் கொள்ளளவை அளத்தல்

வட்டக் கிணற்றுக்கு, விட்டத்தை விட்டத்தாலும், பிறகு நீரின் ஆழத்தாலும், பிறகு 3.14 ஆலும் பெருக்கி 4 ஆல் வகுத்தால் கன மீட்டர். 1000 ஆல் பெருக்கினால் லிட்டர். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள உறைக்கிணற்றில் 4 மீட்டர் நீர் நின்றால் ஏறத்தாழ 7,000 லிட்டர். கல் கட்டிய கயிற்றை இறக்கி, நனைந்த நீளத்தை அளந்தால் ஆழம் தெரிந்துவிடும்.

படி 3: கலங்கலை நீக்குதல்

மண்ணும் மட்கிய இலையும் கலந்த நீரில் எந்தச் சேர்மத்தை இட்டாலும், குளோரின் முதலில் அவற்றோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். மண் துகளுக்குள் ஒளிந்த கிருமியை அது எட்டுவதும் இல்லை. கிணற்றை முடிந்தவரை இறைத்து, அடிச் சேற்றை வாரி, உறையின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிய பிறகே மருந்து இட வேண்டும். கிணற்றுக்குள் இறங்குவதானால், விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு இறங்காமல், நல்ல காற்றோட்டம் ஏற்படுத்தி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆட்களை நிறுத்திக்கொள்ள வேண்டும். குளோரின் இட்ட கிணற்றில் எக்காரணம் கொண்டும் இறங்கலாகாது.

குடத்து நீராக இருந்தால் படிகாரத்தால் தெளிய வைக்கலாம். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் இழைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைக்கும் பழைய வழக்கமும் பயன் உடையதே. அது கலங்கலைப் படிய வைக்கும், கிருமிக்குக் குளோரினோ கொதிக்க வைப்பதோ தேவை.

படி 4: ஒரு சதவீதத் தாய்க் கரைசல்

இரண்டு சேர்மங்களையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் படி இது. 30 சதவீதத் தூள் 33 கிராமை, பிளாஸ்டிக் பாத்திரத்தில் உள்ள சிறிது நீரில் இட்டுக் குழைத்து, 1 லிட்டர் ஆக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்துக்கொள்ள வேண்டும். 10 சதவீத ஹைப்போ என்றால் 100 மி.லி.யையும், 5 சதவீதம் என்றால் 200 மி.லி.யையும் 1 லிட்டராக்கினால் போதும். தெளியவிட வேண்டிய அவசியமே இல்லை. எப்போதும் நீரில்தான் தூளை இட வேண்டும், தூளின் மேல் நீரை ஊற்றக் கூடாது. இரும்பு வாளி, செம்புப் பாத்திரம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். இந்தக் கரைசலை அன்றன்றே தயாரித்து அன்றன்றே தீர்த்துவிடுவது நல்லது.

படி 5: உங்கள் நீர் எவ்வளவு குளோரினைக் குடிக்கிறது?

அளவு சொல்லும் அட்டவணைகள் எல்லாம் சராசரிக்கு எழுதப்பட்டவை. கழிவுநீர் கலந்த கிணறும் இரும்புச் சத்துள்ள ஆழ்துளைக் கிணறும் ஒரே அளவில் அடங்குவதில்லை. பொதுச் சுகாதாரத் துறையினர் இதற்கு ஹாராக்ஸ் கருவியைப் பயன்படுத்துகின்றனர்: ஆறு வெள்ளைக் கோப்பைகளில் கிணற்று நீரை நிரப்பி, தூள் கரைசலை ஒன்று, இரண்டு, மூன்று என்று துளி கூட்டி இட்டு, அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ச்-அயோடைடு சேர்த்து, நீலம் தெளிவாகத் தோன்றும் முதல் கோப்பையைக் கண்டறிவார்கள். அது மூன்றாவது கோப்பையானால், 455 லிட்டர் நீருக்கு 6 கிராம் தூள் தேவை.

கருவி இல்லாதவர்களுக்கு நான்கு வாளிகள் போதும். ஒவ்வொன்றிலும் 10 லிட்டர் நீர் பிடித்து, ஒரு சதவீதத் தாய்க் கரைசலை ஊசியில்லாத சிரிஞ்சினால் 1, 2, 3, 5 மி.லி. என்று இட்டால், அவற்றில் முறையே லிட்டருக்கு 1, 2, 3, 5 மி.கி. குளோரின் சேரும். அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு, குளோரின் சோதனைப் பட்டையாலோ இளஞ்சிவப்பு நிறம் தரும் டி.பி.டி. மாத்திரையாலோ மீதியைப் பார்க்க வேண்டும். எந்த வாளியில் லிட்டருக்கு 0.5 மி.கி. அளவில் எஞ்சியிருக்கிறதோ, அந்த வாளியின் அளவே உங்கள் நீருக்கு உரியது. ஐந்து மி.லி. இட்ட வாளியிலும் ஒன்றும் எஞ்சவில்லை என்றால், நீரில் கழிவு மிகுதியாக இருக்கிறது. மறுபடி இறைத்துவிட்டுத் தொடங்குவதே முறை.

பிறகு கணக்கு எளிது. லிட்டரை மி.கி. அளவால் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் தேவையான குளோரின் கிராமில் வரும். அதை 100 ஆல் பெருக்கிச் செறிவுச் சதவீதத்தால் வகுத்தால், தூளுக்குக் கிராமும் திரவத்துக்கு மி.லி.யும் கிடைக்கும். 500 லிட்டர் மாடித் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மி.கி. வேண்டுமானால் 1 கிராம் குளோரின். அதாவது 30 சதவீதத் தூள் 3.3 கிராம், அல்லது 10 சதவீத ஹைப்போ 10 மி.லி., அல்லது 5 சதவீத ஹைப்போ 20 மி.லி.

படி 6: வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு ஒருமுறை அதிக அளவு

வெள்ளநீர் புகுந்த கிணற்றை மீட்க, அன்றாட அளவு போதாது. லிட்டருக்கு 50 மி.கி. என்ற அளவில் ஒருமுறை இட்டு ஓர் இரவு விட்டு வைப்பது வழக்கமான முறை. மேலே சொன்ன 7,000 லிட்டர் கிணற்றுக்கு 350 கிராம் குளோரின் தேவை. 30 சதவீதத் தூளில் அது ஏறக்குறைய 1.2 கிலோ, 10 சதவீத ஹைப்போவில் 3.5 லிட்டர்.

இங்கேதான் இரண்டின் குணமும் கண்ணுக்குத் தெரியும். ஒரு வாளி நீருக்கு 100 கிராமுக்கு மேல் தூள் போட்டால் சரியாகக் கரையாது என்பதால், 1.2 கிலோவுக்குப் பன்னிரண்டு வாளிகள் கலக்கி, தெளியவிட்டு, தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கசடை வெளியே கொட்ட வேண்டும். கசடும் கிணற்றில் விழுந்தால் நீரின் கடினத்தன்மை கூடும். ஹைப்போவோ, நீரில் நீர்க்கச் செய்து சுற்றிலும் ஊற்றிவிட்டால் முடிந்தது. ஆயினும் மழை நாட்களில் பல நாள் ஆன கேனை நம்புவதைவிட, பிரிக்காத தூள் பையை நம்பலாம். சாலை துண்டிக்கப்பட்ட ஊருக்குத் தூளைத் தலையில் சுமந்தும் கொண்டுபோகலாம்; பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரான கேனை அப்படிக் கொண்டுபோவது கடினம். ஊர்ப் பொதுக் கிணறுகளுக்குத் தூளையும், வீட்டுத் தொட்டிகளுக்குப் புதிய ஹைப்போவையும் நான் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுவே.

ஊற்றிய பின், வாளியைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கி மேலும் கீழும் பலமுறை இழுத்துக் கலக்கவும். மோட்டார் இருந்தால் குழாய்களைத் திறந்து, குளோரின் நெடி வரும்வரை ஓடவிட்டு மூடி, இரவு முழுவதும் அப்படியே விடவும். சுத்திகரிப்புக் கருவி வைத்திருப்பவர்கள் அதற்குப் போகும் இணைப்பை முதலிலேயே அடைத்துவிட வேண்டும். அதிகக் குளோரின், ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச்சவ்வூடு பரவல் கருவியின் சவ்வைப் பாழாக்கும். மறுநாள் இறைக்கும் நீரைக் குளத்திலோ மீன் வளர்க்கும் தொட்டியிலோ விடாமல், வெயில் படும் வெற்றுத் தரையில் விடவும்.

தூளுக்கு மட்டுமே உரிய ஒரு வசதியும் உண்டு. நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் வகுத்த இரட்டைப் பானை முறையில், 1 கிலோ பிளீச்சிங் பவுடரையும் 2 கிலோ பெருமணலையும் கலந்து, துளையிட்ட சிறு பானைக்குள் இட்டு, அதைத் துளையுள்ள பெரிய பானைக்குள் வைத்துக் கிணற்றில் தொங்கவிட்டால், 4,500 லிட்டர் அளவுள்ள குடும்பக் கிணற்றுக்கு இரண்டு மூன்று வாரங்கள் குளோரின் கசிந்துகொண்டே இருக்கும். திரவத்தைக் கொண்டு இதைச் செய்ய இயலாது.

படி 7: குடிப்பதற்கு முன் சோதனை

இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் எஞ்சிய குளோரின் குறைந்தது லிட்டருக்கு 0.2 மி.கி. இருக்க வேண்டும், அரை மணி நேரத் தொடர்புக்குப் பின் 0.5 மி.கி. என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. பட்டை அதைவிடக் கூடுதலாகக் காட்டினால் இறைத்து வெளியேற்றுவதைத் தொடரவும். மஞ்சள் நிறம் தரும் ஆர்த்தோடொலிடின் திரவம் இன்னும் சில இடங்களில் புழக்கத்தில் உள்ளது. அது புற்றுநோய் ஐயத்துக்கு உரிய பொருள் என்பதால், சோதித்த நீரைத் தொட்டியிலேயே திருப்பி ஊற்றக் கூடாது.

குளோரின் எஞ்சியிருக்கிறது என்பதால் நீர் எல்லா வகையிலும் நல்லதாகிவிட்டது என்று பொருளில்லை. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில ஒட்டுண்ணிகள் இந்த அளவுக்குச் சாவதில்லை. ஐயம் இருந்தால் கொதிக்க வைக்கவும். உப்புக் கரிப்பையும், கரைந்துள்ள தொழிற்சாலை வேதிப்பொருட்களையும் இந்த இரண்டு சேர்மங்களில் எதுவும் நீக்காது. சிப்காட் வளாகத்தை ஒட்டிய ஊர்களில் கிணற்று நீரில் வழக்கத்திற்கு மாறான நிறமோ வாடையோ இருந்தால், குளோரின் இடுவதற்கு முன் மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்திற்கு அனுப்புவதே சரி. கரிமப் பொருட்களோடு குளோரின் சேர்ந்து புதிய தீங்கான சேர்மங்கள் உண்டாகவும் கூடும்.

படி 8: சேமிப்பும் எச்சரிக்கையும்

இரண்டையும் ஒரே அலமாரியில் கழிவறை அமிலத்தோடு வைக்கக் கூடாது. அமிலம் பட்டால் இரண்டிலிருந்தும் குளோரின் வாயு வெளியேறும்; அம்மோனியா கலந்த துடைப்புத் திரவத்தோடு சேர்ந்தால் குளோரமின் வாயு வரும். மூச்சுத் திணறலோ கடும் இருமலோ தோன்றினால் உடனே திறந்த வெளிக்குச் சென்று, மருத்துவ உதவி பெற வேண்டும். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

விவசாயக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. யூரியா, அம்மோனியம் கலந்த உரங்கள், கந்தகம், மண்ணெண்ணெய் ஆகியவை இருக்கும் அறையில் பிளீச்சிங் பவுடர், குறிப்பாக 65 சதவீதக் குருணை, இருக்கவே கூடாது. அவை கலந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ வாய்ப்புண்டு. தூளை அள்ளும் கரண்டி உலர்ந்ததாகவும் வேறு எதற்கும் பயன்படாததாகவும் இருக்கட்டும். மழைக்காலத்தில் பெரிய மூட்டையாக வாங்காமல் சிறு பொட்டலங்களாக வாங்கி, பிரித்ததை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துத் தரையிலிருந்து உயரத்தில் வைக்கவும்.

ஹைப்போ கேனில் ஆக்சிஜன் மெல்லச் சேர்ந்து அழுத்தம் உண்டாகும் என்பதால், காற்றுப் போகும் மூடியுள்ள கேனையே வாங்கி, இருட்டான குளிர்ந்த மூலையில் வைத்து, திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளவும். வாங்கிய தேதியைக் கேனின் மேல் எழுதி வைத்து, இரண்டு மாதம் கடந்ததைக் குடிநீருக்கு விலக்கி, தரை கழுவவும் கழிவறைக்கும் செலவழித்துவிடலாம்; அப்போதும் அமிலத்தோடு மாற்றி மாற்றி ஊற்றாமல், ஒன்றை நன்றாகக் கழுவிவிட்ட பிறகே மற்றதைத் தொட வேண்டும்.